ஒன்பதாவது கோரிக்கை

முப்பத்தியோராவது ஆள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆவுடையப்பன் வரிசையில் போய் நின்றார். ஆள் எண்ணுவது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். மேடையில் ஏறுவதற்குள் கண் எண்ணி முடித்திருக்கும். போலீஸ்காரன் எழுதிக்கொள்வது அதில் பாதி, பத்திரிகைக்காரன் போடுவது கால். முன்னால் முப்பது பேர். கடைக்கு இன்று வருவது நாற்பது போன் என்று நேற்றே வந்து விசாரித்து வைத்திருந்தார். ஆக, உண்டு. மணி ஆறே முக்கால், கடை திறப்பது பத்துக்கு. நின்றுவிடலாம், மறியலில் நின்ற கால், கோர்ட் வாசலில் நின்ற கால், வராத மந்திரிக்காக மனுவை வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற கால், மூன்றேகால் மணி நேரம் நிற்காதா. ஆனால் அப்போதெல்லாம் இந்தக் கால் தனக்காக நின்றதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த இடத்திலேயே முள் மாதிரி மாட்டிக்கொண்டது, தனக்காக நின்றதே இல்லையா ஆவுடையப்பா, யோசித்துச் சொல். அவர் யோசிக்காமல் தலையை நிமிர்த்திக் கடையைப் பார்த்தார். ஷட்டருக்கு மேலே பலூன் வளைவு, அதற்கு மேலே ஆள் உயரத்துக்கு அந்தப் போனின் படம், அதன் கீழே ஒரே வரி: நீங்கள் பேசுவதை, பேசுகிறபடியே எழுதும். தொழிற்சங்கத்துக்கு ஆயிரம் நோட்டீஸ் எழுதியவர் என்ற முறையில் அந்த வரியை ஒரு மாதமாக எடை போட்டுப் பார்த்துவிட்டார். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை. எவனோ முதலாளியின் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், ஆனால் தொழில் தெரிந்தவன். டீக்கடை டிவியில் விளம்பரம் வந்தபோது ஒரு கிழவர் வாயைத் திறந்து "ஏலேய், எங்கல போற" என்றதும் திரையில் அதே எழுத்து, அதே ஏலேய், மேடைத் தமிழாக மாறாமல், கோட்டுச் சூட்டு போடாமல், அப்படியே வந்து விழுந்தது. டீ கையில் ஆறிப்போனது. அன்றைக்கே முடிவு செய்தாயிற்று.

"பெரியவரே, நீங்க யாருக்கு நிக்கிய?" என்றான் முன்னால் நின்றவன். கைவிரல் நகமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட், காலுக்கடியில் ஒரு அட்டை. "யாருக்குன்னா?" "இல்ல, நான் நகைக்கடை முதலாளி மகனுக்கு நிக்கேன். அந்தா செவப்புச் சட்டை, அவரு ஒரு டாக்டருக்கு. கடை திறக்கும்போது அவங்க காருல வந்து எறங்குவாங்க, நாங்க விலகிக்கிடணும்." "நான் எனக்கே நிக்கேன்." அவன் இவருடைய கதர்ச் சட்டையையும் காலில் தேய்ந்த டயர் செருப்பையும் பார்த்துவிட்டு, நம்பியதாகக் காட்டிக்கொண்டான். பெயர் மாசானம், பெயிண்டர், இன்றைக்கு வேலை இல்லை. "ஒண்ணுக்குப் போகணும்னா மாத்து ஆளு உண்டா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். "அதான் பின்னால நீங்க நிக்கியளே அண்ணாச்சி." "டீ?" "யாரு தருவா?" "வெயிலுக்குக் குடை?" மாசானம் சிரித்தான். "நீங்க என்ன, கவுருமெண்டு ஆளா?" கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. ஒரு பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் எட்டு மணிக்குள் வரிசையில் நிற்போர் சங்கம் பிறந்திருக்கும், ஒன்பதுக்குள் ஐந்து கோரிக்கை, முதல் கோரிக்கை உட்கார ஒரு முக்காலி. முதலாளி மகன் தூங்குகிற தூக்கத்துக்கும் சேர்த்து ஒருத்தன் நிற்கிறான், இதற்குப் பெயர் முன்னேற்றம், இதற்குப் பலூன் வேறு. பேனாவிலிருந்து கையை எடுத்தார். இன்றைக்குக் கோரிக்கை எழுதக்கூடாது. கோரிக்கை எழுதின கை, கோரிக்கையை அடித்த கை. அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று தனக்கே சொல்லிக்கொண்டு.

அந்தக் கைதான் சத்தியம் செய்த கையும். இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம், அவர் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாயிற்கூட்டம், தனியார்காரன் டவர் ஊன்றத் தொடங்கியிருந்த நேரம். எவனோ ஒரு கான்டிராக்டரின் செல்போனை இரவல் வாங்கி, கை படாமல் சிவப்புத் துண்டால் பிடித்துத் தூக்கிக்காட்டி, தோழர்களே, இது நம் சோற்றில் கை வைக்க வந்திருக்கிறது, இந்தக் கை இதைத் தொடாது என்றார். முந்நூற்றுப் பத்துப் பேர், எண்ணியிருந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தட்டிய கைகளில் எல்லாம் இரண்டு வருடத்தில் ஆளுக்கொரு செல்போன் முளைத்துவிட்டது, செயலாளர் கையில் இரண்டு. அவர் தொடவில்லை. பாங்கில் ஏதோ எண் அனுப்புவோம் என்றார்கள், எனக்கு அனுப்பாதே, நேரில் வந்து நிற்கிறேன் பார் என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்குப் போன் வழியாகவே நிரூபிக்கலாம் என்றார்கள், உயிரோடு இருக்கிறவனைக் கண்ணால் பார்த்துக்கொள் என்று போய் நின்றார். வீட்டில் பழைய டெலிபோன் மட்டும் உண்டு, போன மழையோடு அதுவும் ஊமையாகிவிட்டது, ஆனாலும் தினமும் துடைக்கிறார். அது அடித்த காலத்தில் அவர்தான் ஓடி எடுக்கவேண்டும், ஏனென்றால் மனைவி ஜெயபுஷ்பத்துக்குக் காது கேட்காது. வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் இருபத்தெட்டு வருடம், ஊருக்கெல்லாம் காது கொடுத்தவள், அவளுக்குத்தான் கேட்காது. இங்கே வந்து மறுபடியும் மாட்டிக்கொண்டது. எந்த வழியில் போனாலும் இங்கே வந்துதான் மாட்டிக்கொள்கிறது.

வெயில் ஏறி வலது கன்னத்தில் விழுந்தது. அவளுக்கு முதலில் போனது இடது காது. ஒரு ஐப்பசி மாதம், எங்கோ கம்பியில் இடி விழ, அது கம்பி வழியே வந்து ஹெட்செட்டில் வெடித்தது, அவள் போர்டு முன்னால் நாற்காலியோடு சாய்ந்தாள். அது ஒரே நாளில் நடந்தது. வலது காது அப்படியல்ல, அது தினம் தினம் கொஞ்சமாகத் தேய்ந்து பதினைந்து வருடத்துக்கு முன்னால் முழுதாக நின்றது. மெஷின் வாங்கி வைத்தும் பலனில்லை. வாயசைவைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா, மழை வருது, கரண்டு போச்சு இவ்வளவும் கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு மேலே என்றால் எழுதிக் காட்டவேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடந்த பழைய நோட்டீஸ்களின் பின்பக்கம்தான் அவர்கள் பேச்சு. முன்பக்கம் மாபெரும் கண்டன ஆர்ப்பாட்டம், பின்பக்கம் தலைவலித் தைலம் எங்கே. எழுதினால் கை அவர் சொன்னபடி கேட்காது, தலைப்புப் போடும், எண் போடும், அடிக்கோடு போடும். "இது என்ன, கொழம்புக்குக் கண்டன நோட்டீஸா?" என்று சத்தமாகச் சிரிப்பாள், தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவள் கையெழுத்து வேறு மாதிரி, சின்னதாக, வரிசை கலையாமல், டிரங்க் டிக்கெட்டில் எழுதிப் பழகிய கை. சங்கத்தின் எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோரிக்கைச் சாசனத்தில் எட்டுக் கோரிக்கை அவர் எழுதினார், ஒன்பதாவது அவள் எழுதினாள். டிரங்க் போர்டு ஆபரேட்டர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை, இடி தாங்கும் புதிய ஹெட்செட். இரண்டே வரி. அடிக்கோடு கிடையாது. இருபத்திரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், முதல் கையெழுத்து அவளுடையது.

"என்னவே ஆவுடை! வழி தவறி வந்துட்டீரா?" திரும்பாமலே குரலில் ஆள் தெரிந்தது. சிதம்பரதாணு. ஒரே சங்கம், ஒரே செக்ஷன், இப்போது வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் தொப்பியுமாகக் காலை நடை. "வழியெல்லாம் சரியாத்தான் இருக்கு." "இது போன் கடைவே." "எனக்குப் படிக்கத் தெரியும்." தாணு விடவில்லை, வரிசையைப் பார்த்து மேடைக்குரல் எடுத்தான். "எய்யா, எல்லாரும் பாத்துக்கிடுங்க. செல்போனைத் துண்டால புடிச்சுத் தூக்கிக்காட்டி, இந்தக் கை இதைத் தொடாதுன்னு சத்தியம் பண்ணின மனுசன் இவரு. நாங்க எல்லாரும் கைதட்டினோம். நான் மறுவருசமே வாங்கிட்டேன், அது வேற கதை." வரிசை சிரித்தது. மாசானம் திரும்பி, "அப்படியா அண்ணாச்சி?" என்றான். "அப்படித்தான்." "பின்ன இப்பம் எதுக்குவே நிக்கீரு?" என்றான் தாணு. "வாங்கத்தான்." "சத்தியம்?" "மீறப்போறேன்." இதை அவர் எதிர்பார்த்து ஒரு மாதமாக மனதுக்குள் பெரிய பதில் ஒன்று தயாரித்து வைத்திருந்தார், விஞ்ஞானம் வேறு வியாபாரம் வேறு என்று தொடங்கும். அது வரவில்லை. இந்த ஒரு சொல்தான் வந்தது. தாணு தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தணித்தான். "கோவிச்சுக்காதேயும். நேத்துக்கூட என் மூத்தவன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். எண்பத்து மூணுல நீரு அந்த ரூமுக்குள்ள போயி சஸ்பெண்டான எங்க ஏழு பேருக்காக முட்டலேன்னா அவன் படிப்பு ஏது, இந்த ஷூ ஏது. செத்தாலும் மறக்கமாட்டேன்வே." ஏளனம் செய்தபோது நிமிர்ந்து நின்ற ஆவுடையப்பனுக்கு இப்போது நிற்க முடியவில்லை. "தாணு, அந்தச் சாசனத்துல ஒன்பதாவதுன்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" தாணு யோசித்தான், உண்மையாகவே யோசித்தான். "ஒன்பதாவதா? பஞ்சப்படியா?" "ஒண்ணுமில்ல. நீரு நடையும்." தாணு நடந்தான், ஷூ பளிச்சென்று போயிற்று.

எங்க ஏழு பேர். அந்த ஏழில் ஒன்று ஆவுடையப்பன். அதைத் தாணுகூட மறந்துவிட்டான், ஊரே மறந்துவிட்டது, அவர் மறக்கவில்லை. அன்றைக்குப் பேச்சுவார்த்தையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் அவரும் அப்போதைய செயலாளரும்; செயலாளர் போய்ச்சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது, அதிகாரியும் இருக்க வழியில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது. அதிகாரி மோசமான ஆள் இல்லை, மோசமான ஆளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒன்பதாவதை இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன், ஹெட்செட் வாங்க ஒதுக்கீடு இருக்கிறது, சஸ்பெண்டான ஏழு பேர் விஷயத்தை மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். இல்லை, ஏழு பேரை இன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னால் செய்கிறேன், ஒன்பதாவதை அடுத்த வருடம் பார்க்கலாம். இரண்டும் ஒரே நாளில் முடியாது, நீங்களே சொல்லுங்கள். வெளியே வேப்பமரத்தடியில் அந்த இருபத்திரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து பத்தடி நடந்து போய்க் கேட்டிருக்கலாம். பத்தடிதான். அவர் கேட்கவில்லை. பேனாவை எடுத்து ஒன்பதாவதின் மேல் ஒரு கோடு போட்டார், அவர் வாழ்நாளில் அடிக்கோடு போடாமல் மேலே கோடு போட்டது அந்த ஒரு வரிக்குத்தான். வெளியே வந்ததும் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபடியே அவளைப் பார்த்தார், அவளும் சிரித்துக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் கேட்டாள், "ஒன்பதாவது என்னாச்சு?" அவர் கைகால் கழுவிக்கொண்டே சொன்னார், "அவன் ஒத்துக்கல." மூன்று நொடி. தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில் சொன்னார், அப்போது அவளுக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த வருடச் சாசனத்தில் ஒன்பதாவதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் போன வருடம் ஒத்துக்கொண்டேனே என்று அந்த ஆள் வாயைத் திறந்துவிடுவான். இடி விழுந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

எழுதிப் பார்க்கவில்லையா, பதினொரு தடவை எழுதிப் பார்த்தாயிற்று. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் நல்ல நோட்டீஸாகப் பொறுக்கி எடுத்து, அன்புள்ள புஷ்பம் என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் அன்றைய சூழ்நிலையில் என்று வந்துவிடும். ஏழு குடும்பங்களின் அடுப்பு என்று வந்துவிடும். நிர்ப்பந்தம் என்ற சொல் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும். முடிவில் படித்துப் பார்த்தால் ஆவுடையப்பன் மீது ஒரு தவறும் இருக்காது, படிக்கிறவர் கைதட்டவேண்டும் போலிருக்கும். ஜெயிக்கவே பழக்கிய கை. கிழித்து அடுப்பில் போட்டார். ஆனால் நாக்கு அப்படியில்லை, வீட்டில் பேசுகிற நாக்கு, அதற்கு நிர்ப்பந்தம் என்று சொல்லத் தெரியாது. சொன்ன சொல்லை அடிக்கவும் முடியாது. அது வாயிலிருந்து விழுந்ததும் அவள் கண்ணில் எழுத்தாகிவிட வேண்டும், இடையில் இந்தக் கை புகக்கூடாது. அதற்கு ஒரு கருவி வந்துவிட்டது, அவ்வளவுதான், அது எவன் செய்ததாக இருந்தாலும் சரி. படித்துவிட்டு அவள் என்ன செய்வாள். அழுவாளா, சிரிப்பாளா, இத்தனை வருடம் போட்ட சோற்றை எண்ணிப் பார்ப்பாளா. எதுவானாலும் அது அவளுடைய முறை. எழுபத்து மூன்று வயதில் இதற்கும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னால் அந்த அதிகாரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம். "அண்ணாச்சி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு. அட்டையில உக்காருங்க, எடத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றான் மாசானம். "உக்காரமாட்டேன்," என்றார் ஆவுடையப்பன்.

பத்து மணிக்குச் செண்டை மேளம் அடித்தது, ஷட்டர் ஏறியது, காரிலிருந்து இறங்கியவர்களுக்காக நின்றவர்கள் விலகினார்கள். மாசானம் போகும்போது, "நல்லா பேசுங்க அண்ணாச்சி," என்று அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். யாரோடு பேச என்று அவன் கேட்கவில்லை. உள்ளே குளிர். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நஸ்ரின் என்று பட்டை மாட்டிய பெண். "எந்த நிறம் சார்?" "பேசுனா எழுதுமா?" "எழுதும் சார்." "எங்க வீட்டுப் பேச்சை எழுதுமா?" "பேசிப் பாருங்களேன்," என்று மாதிரிக்கு வைத்திருந்த போனை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கை அதன் மேல் இரண்டு விரல்கடை உயரத்தில் நின்றது. பிறகு தொட்டது. சில்லென்றிருந்தது, வேறொன்றுமில்லை. தொண்டையைச் செருமி வாயைத் திறந்தார். தோழர்களே என்று திரையில் எழுத்து விழுந்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. நஸ்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு, "வீட்டுல அம்மாகிட்டப் பேசுற மாதிரிப் பேசுங்க சார்," என்றாள். "ஏ புஷ்பம், மோர்க்கொழம்புல உப்பு கூடிப்போச்சு," என்றார். ஏ உட்பட அப்படியே வந்தது. எண் இல்லை, தலைப்பு இல்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அவர் சொல்லவேண்டும் என்று நினைக்காமலே நாக்கு சொல்லிற்று, "அவன் ஒத்துக்கிட்டான். நாந்தான் அடிச்சேன்." இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் அவர் மூச்சுவிட்ட இடத்தில் அது மூன்று புள்ளி வைத்திருந்தது. நோட்டீஸில் அவர் ஒருநாளும் இப்படித் தயங்கிப் புள்ளி வைத்ததில்லை. நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "சரியா வந்திருக்கா சார்?" "சரியாத்தான் வந்திருக்கு." "இது கடை போன், இதை அழிச்சிருவேன். உங்க போன்ல நீங்க மறுபடியும் சொல்லணும்." "அழிச்சிரும்மா," என்றார் ஆவுடையப்பன். "எனக்குச் சொல்ல வந்துட்டு."

கதவைத் திறந்த ஜெயபுஷ்பம் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "தொட்டுட்டியளா!" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி, சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அவர் செருப்பைக் கழற்றவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நஸ்ரின் எல்லாவற்றையும் தயார் செய்து கொடுத்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் சீனி டப்பாமேல் அதைச் சாய்த்து வைத்து, அவளை எதிரே உட்காரச் சொல்லிக் கண்ணைத் தொட்டுக் காட்டினார். அவள் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "புஷ்பம்," என்றார். புஷ்பம் என்று விழுந்தது. "உங்க கையெழுத்துக்கு இது எவ்வளவோ தேவலை," என்றாள். "எண்பத்து மூணுல, ஒன்பதாவது கோரிக்கைய அவன் ஒத்துக்கலன்னு உன்கிட்ட சொன்னேம்லா," என்றார். எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழ, அவள் உதடு அசைந்து படித்தது. சிரிப்பு நின்றது. திரையை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தாள், அதிலிருந்தே பிடித்துவிடலாம் என்பது போல. அவர் கையை நீட்டி, விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார், இங்கே பார். அவள் பார்வை கீழே இறங்குகிறவரை பொறுத்திருந்தார். அதற்குள் அது மூன்று புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தது. ஆவுடையப்பன் மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.